இன்ஜின் ஆறிய பிறகு

ஹெட் கேஸ்கட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பானெட்டைத் தூக்கி விரலால் காட்டிவிடலாம். பார்க்கத்தான் முடியாது. மேலே அலுமினிய ஹெட், கீழே சிலிண்டர் பிளாக், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகடு. வெளியே தெரிவது எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்த அதன் விளிம்பு மட்டும்.

அது உள்ளே செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. பெட்ரோல் இன்ஜினை அழுத்தி ஓட்டும்போது, வெடிக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 50 பாரைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டேகால் பார்தான். அந்த வெடிப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி 90 டிகிரிச் சூட்டில் தண்ணீர் ஓடுகிறது. அதற்கும் பக்கத்தில் ஆயில். நெருப்பு தண்ணீருக்குள் போகக் கூடாது, தண்ணீர் ஆயிலுக்குள் போகக் கூடாது. இன்ஜின் 3,000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1,500 முறை வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்தத் தகடு மூன்றையும் பிரித்து வைத்தாக வேண்டும்.

அது உட்கார்ந்திருக்கும் இடமும் அசையாத இடமல்ல. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட் 80 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் நீளும். வார்ப்பிரும்பு பிளாக் அதே சூட்டில் ஏறத்தாழ அதில் பாதிதான் நீளும். வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தி ஆறும்போதும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு உலோகங்கள் இந்தத் தகட்டை வேறு வேறு அளவில் இழுக்கின்றன. பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் ஹெட், பிளாக் இரண்டுமே வார்ப்பிரும்பு என்பதால் இந்த இழுபறி குறைவு. அதைவிட எடை குறைந்த, திறன் கூடிய இன்ஜின்கள் வந்தபோது கேஸ்கட்டின் பொறுப்பு கூடிப்போனது. செம்புத் தகட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்த காலம் போய், கிராஃபைட் வந்து, இப்போது பல அடுக்கு எஃகுத் தகடுகள்.

*

தங்கையின் கணவர் தாளவாடிப் பக்கம் ஆசிரியர். வீடு சத்தியமங்கலத்தில். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே திம்பம் மலைப்பாதை இருக்கிறது.

பண்ணாரி சோதனைச்சாவடியைத் தாண்டியதும் தொடங்கும் 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருக்கும், முந்த இடமில்லை. பின்னால் போகும் கார் முதல் கியரிலும் இரண்டாவதிலும் முனகிக்கொண்டே ஏற வேண்டும். இன்ஜினுக்கு வேலை உச்சத்தில், ரேடியேட்டருக்கு முகக்காற்று அறவே இல்லை. மேலே போகப் போகக் காற்றழுத்தமும் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் மூன்று டிகிரிக்கு மேல் முன்னதாகவே கொதித்துவிடும். சுற்றிலும் 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. வண்டி சூடாகி நின்றால், “இறங்கி நின்னு ஆறவிட்டுப் போவோம்” என்று சொல்லும் இடமில்லை அது. அடுத்த வளைவில் யானை நிற்கிறதா என்பது வளைவைத் திரும்பினால்தான் தெரியும்.

ஆகவே அவர் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கலாம் என்றதும், பெயின்ட், சீட், ஏசி எதிலும் என் மனம் போகவில்லை. தண்ணீரை அதற்குரிய இடத்தில் வைத்திருக்கும் வண்டியா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

*

பக்கத்து ஊரில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கார் இருந்தது. போனில் அவராகவே சொன்னார்: “எப்பவாச்சும் ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தோணுமுங்க. மத்தபடி ஒரு தொந்தரவும் இல்லீங்க.”

விற்கிற மனிதர் அதைச் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. மறைக்கத் தெரியாதவர் என்று பட்டது. ஆனால் அவர் சொன்ன விஷயம் சின்னதல்ல. மூடிய சுற்றுக்குள் ஓடும் தண்ணீர் குறையக் கூடாது. குறைந்தால் எங்கேயோ போகிறது. எங்கே என்பதற்குப் பதில்கள் பல, பெரும்பாலானவை மலிவானவை: தளர்ந்த ஓஸ் கிளிப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் அடியில் ஒரு கசிவு, மூடியின் ரப்பர் காய்ந்துபோனது. கேஸ்கட் இந்த வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியது. பயத்தில் நாம்தான் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம்.

“ஐயா, நாளைக்குக் காலைல நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருக்க முடியுங்களா?”

“பூ மார்க்கெட்டுக்குப் போகோணுமேங்க...” சற்று யோசித்தார். “சரிங்க, பையன் பைக்குல கொண்டு போயிக்கட்டும்.”

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றுதான்: இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். சூடான இன்ஜினில் உலோகம் விரிந்து சின்ன இடைவெளிகளை மூடியிருக்கலாம். காலையில் வந்த புகை கலைந்து போயிருக்கும். ஓஸ் இறுகியிருந்தால் சூட்டினால் இறுகியதா வேறெதனாலா என்று சொல்ல வழியில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் முடியாது, திறக்கவும் கூடாது. குக்கர் வெயிட்டைப் போல அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே நூறு டிகிரிக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. ஒரு பார் அழுத்தத்தில் அதன் கொதிநிலை 120 டிகிரி. அந்த நிலையில் மூடியைத் திருகினால் ஒரே நொடியில் கொதித்துப் பொங்கி, ஆவியும் சுடுதண்ணீருமாக முகத்தில் அடிக்கும்.

பொங்கல் கழிந்த தை மாதம். நாங்கள் போனபோது பானெட்டின் மேல் பனி ஈரம் துளியும் கலையாமல் இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

கூட வந்த மெக்கானிக் அண்ணன் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். ‘புஸ்’ என்று சன்னமான ஒரு சத்தம்.

அவர் எதுவும் சொல்லவில்லை. மூடியைத் திருப்பி ரப்பரைப் பார்த்தார், அதில் பொறித்திருந்த 0.9 என்ற எண்ணைப் பார்த்தார், மறுபடி மூடினார். நானும் பேசவில்லை. இரவெல்லாம் ஆறிய இன்ஜினில் அழுத்தம் இருக்கக் கூடாது. சூட்டில் விரிந்த தண்ணீர் ஆறும்போது சுருங்கும். பக்கத்திலுள்ள உபரித் தண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் நடக்க வேண்டும். விடிந்த பிறகும் அழுத்தம் மிச்சமிருந்தால், அது ஆறினாலும் சுருங்கிப் போகாத ஏதோ ஒன்றின் அழுத்தம். அதாவது வாயு.

*

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மஞ்சள் நுரை படிந்திருந்தது.

மாப்பிள்ளை முகம் வாடிப்போனது. “மச்சான், ஆயில்ல தண்ணி கலந்திருச்சுங்களா?” என்றார். இந்த நுரையைப் பார்த்த மாத்திரத்தில் வண்டியை வேண்டாமென்று திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் இந்தக் கார் தினமும் எங்கே போய் வந்தது? தோட்டத்திலிருந்து பூ மார்க்கெட். விடியும் முன் எடுத்து, சில கிலோமீட்டர் ஓடி, இன்ஜின் முழுக்கச் சூடேறும் முன்பே நிறுத்திவிடுவார்கள். அப்படி ஓடும் வண்டியில் உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போக நேரமே கிடைப்பதில்லை. இன்ஜினின் குளிர்ந்த பாகமான அந்த மூடியில் போய் ஒட்டி, ஆயிலோடு சேர்ந்து நுரையாகிவிடுகிறது. கேஸ்கட் நன்றாக இருக்கும் வண்டியிலும் இப்படி வரும்.

அண்ணன் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது; அளவும் ஏறவில்லை. விரல் நுனியில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஆயில்ல தண்ணி இல்லீங் சார்” என்றார். நுரையைத் துணியால் வழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

காலைப் புகையும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. குளிர்ந்த சைலன்ஸருக்குள் அது குளிர்ந்து வெள்ளையாகப் புகையும், துளித்துளியாகச் சொட்டவும் செய்யும். குழாய் சூடேறியதும் நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல் கனத்து, காற்றில் கலையாமல் தொங்கி, அதில் ஒரு தித்திப்பு வாடையும் இருந்தால் அது வேறு கதை; அந்த வாடை கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலுடையது. இந்த வண்டியிலோ கூலன்டே இல்லை, வெறும் தண்ணீர்தான். வாடை வர வழியும் இல்லை.

ஒவ்வொரு அறிகுறிக்கும் குற்றமில்லாத ஒரு காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்காமல் சொல்கிற தீர்ப்பை நான் மதிப்பதில்லை. டீசல் வண்டி என்றால் புகையை ஆறவைக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் ஓட்டையாகியும் தண்ணீர் குறையும், வெள்ளைப்புகை வரும். ஆயில் கூலர் போனால் ஆயிலும் தண்ணீரும் கலக்கும். எத்தனையோ நல்ல ஹெட்டுகள் இதனால் வீணாகக் கழற்றப்பட்டிருக்கின்றன.

*

சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடும் முன்பே, ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கியது.

“ஃபேனுக்கு யாரோ டைரக்ட் குடுத்திருக்காங்ணா” என்றார் அண்ணன். பிறகு, சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் தட்டிப் பார்த்துச் சிரிக்காமல் தலையசைத்தார். அதையும் யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள் என்பது வண்டி ஓடத் தொடங்கியபோது உறுதியானது. 82 டிகிரி வாக்கில் சட்டென்று சூடாக வேண்டிய மேல் ஓஸ், முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தது.

நம் ஊர்களில் சூடாகும் வண்டிக்குச் செய்யும் வைத்தியம் இது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, ஃபேனை நிற்காமல் ஓடவிடு. முள் கீழே இறங்கும், வண்டிக்காரர் சந்தோஷப்படுவார், எதனால் சூடானது என்ற கேள்வி அப்படியே அமுங்கிப்போகும். பழைய வண்டி பார்ப்பவருக்கு இந்த இரண்டும் எழுதி வைத்த சாட்சியம்: இந்த இன்ஜின் ஒரு காலத்தில் சூடாகியிருக்கிறது.

ரேடியேட்டருக்குள் செம்பழுப்பாக இருந்தது. போர் தண்ணி. கூலன்ட் என்றால் பனி பெய்யும் ஊர்களுக்கு, தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றுவது, நம் வெயிலுக்கு எதற்கு என்ற எண்ணம் இங்கே ஆழமாக இருக்கிறது. உண்மையில் நமக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை ஏழெட்டு டிகிரி உயரும். மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் மேலே போகும். அதைவிடப் பெரிய வேலை அரிப்பைத் தடுப்பது. இந்த மண்ணின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். வீட்டு ஹீட்டர் ராடில் வெள்ளையாக ஏடு கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த ஏடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. உப்பு அலுமினியத்தைத் தின்கிறது, அதுவும் கேஸ்கட் உட்காரும் இடத்தில், தண்ணீர் ஓட்டைகளின் விளிம்பில். குடிக்க உதவாத தண்ணீரைக் கேன் வாங்கித் தவிர்க்கும் வீடுகள் அதே தண்ணீரை இன்ஜினுக்கு ஊற்றுகின்றன. கேனில் வரும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கிறது. இதை எவ்வளவு சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

*

மூடியை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். முதல் சில நொடிகள் இன்ஜின் தடுமாறியது, பிறகு சீரானது.

அண்ணன் என் கையைப் பிடித்து மேல் ஓஸின் மேல் வைத்தார். “அமுக்கிப் பாருங்ணா.” ஓஸ் இன்னும் சூடாகவில்லை. ஆனால் விரல்களுக்கு அடியில் அது உப்பி இறுகுவது தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தண்ணீர் சூடானால் விரியும், ஓஸ் இறுகும், அது இயல்பு. சூடேறும் முன்பே இறுகினால் அழுத்தம் சூட்டிலிருந்து வரவில்லை. சிலிண்டரிலிருந்து வருகிறது. எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு சாதாரண மனிதர் தன் கையாலேயே தெரிந்துகொள்ளக்கூடிய சோதனை இது. காலையில் கேட்ட ‘புஸ்’ சத்தத்துக்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

நிறுத்தி, மூடியைத் திறந்து, மறுபடி ஸ்டார்ட் செய்தோம். குமிழிகள் வந்தன. காற்று அடைத்திருந்தாலும் முதலில் குமிழி வரும், சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். இவை ஓயவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடின.

“கேஸ்கட்தானுங்களா?” என்றார் மாப்பிள்ளை.

“அவசரப்படாதீங் சார். ஷெட்டுக்குக் கொண்டு போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்.”

*

ஷெட்டில் முதலில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி 0.9 பார் ஏற்றினார். முள் மெதுவாக இறங்கியது. வாட்டர் பம்ப், ஓஸ் முனைகள், காருக்குள் ஹீட்டர் பக்கத்துத் தரைவிரிப்பு என ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளியே எங்கும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

பிறகு அலமாரியிலிருந்து நீல நிறத் திரவம் ஒன்றை எடுத்தார். புரோமோதைமால் புளூ. பள்ளி வேதியியல் கூடத்தில் அமிலமா காரமா என்று பார்க்கப் பயன்படும் அதே சாயம். மாப்பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு 0.04 சதவீதம். பெட்ரோல் இன்ஜினின் புகையில் அது 13 சதவீதத்துக்கும் மேல். அந்த வாயு இந்தத் திரவத்தின் வழியாகப் போனால் கார்பானிக் அமிலமாகி, நீலம் பச்சையாகி மஞ்சளாகும். கண்ணாடிக் குழாயில் திரவத்தை ஊற்றி ரேடியேட்டர் வாயில் நிறுத்தி, மேலே உள்ள ரப்பர்க் குமிழை அமுக்கி அமுக்கி விட்டால், தண்ணீருக்கு மேலே நிற்கும் வாயு குழாய்க்குள் உறிஞ்சப்படும்.

அவர் நேராக ரேடியேட்டருக்குப் போகவில்லை. வண்டியை ஷெட்டுக்கு வெளியே திறந்த இடத்துக்குத் தள்ளச் சொன்னார். மூடிய இடத்தில் சைலன்ஸர் புகையே சுற்றி வந்து திரவத்தை ஏமாற்றிவிடும். குழாயை வெறும் காற்றில் பிடித்துக் குமிழை அமுக்கினார். நீலம் நீலமாகவே இருந்தது. பிறகு கொஞ்சம் திரவத்தை வேறு குழாயில் எடுத்துச் சைலன்ஸர் வாயில் பிடித்தார். மஞ்சள். அதைக் கொட்டினார். ரேடியேட்டரில் தண்ணீர் மட்டத்தை ஒரு டம்ளர் அளவு இறக்கினார், தண்ணீர் ஏறித் திரவத்தில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. அப்புறம்தான் புதுத் திரவத்தை ஊற்றினார்.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது இந்த இரண்டு நிமிடங்கள்தான். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இது இல்லை என்று சொல்கிறதா, ஆம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆம் என்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே, தெரியாத இடத்தைப் பற்றி அதனிடம் கேட்டார். காலாவதியான திரவத்தை நம்பி “கேஸ்கட் நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வளைவில் நிற்பார். இன்னொரு பக்கம், தேவையில்லாமல் ஹெட்டைக் கழற்றினால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போகும். இரண்டுக்குமே அவர் பயந்தார். நல்ல கைகளில் அந்தப் பயம் இருக்கும்.

குமிழை அமுக்கிக்கொண்டே இருந்தார். நீலத்தின் அடியில் பச்சை கீறியது. பிறகு முழுக்க மஞ்சள்.

கம்ப்ரஷன் பார்த்தபோது மூன்று சிலிண்டர்கள் 12 பார் காட்டின, மூன்றாவது மட்டும் 11. அந்த வித்தியாசத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. சின்னக் கசிவுகள் இந்தச் சோதனையில் தப்பிவிடும். மூன்றாவது பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாக கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டார். ரேடியேட்டர் வாயில் குமிழிகள். மற்ற சிலிண்டர்களில் விட்டபோது இல்லை.

“மூணாவதுங்ணா. கேஸ்கட்டா, ஹெட்டுல கிராக்கானு கழட்டுனாத்தான் தெரியும்.”

*

பெரியவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை தயங்கினார். வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்துகொண்டதைச் சொல்லாமல் போனால் அவர் இதே வண்டியை, இதே நம்பிக்கையோடு, வேறொருவருக்கு விற்பார். ரேடியேட்டரில் ஊற்றினால் ஓட்டையை அடைக்கும் திரவங்களும் கடையில் கிடைக்கின்றன. விற்கும் வரை தாங்கும். யாராவது அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் முன் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

பெரியவர் மஞ்சள் திரவத்தை வாங்கிப் பார்த்தார். “நான் வெச்சு ஓட்டுனதுல ஏதாச்சும் தப்புங்களா?”

ஓட்டியவர் மேல் பழி போடுவது எல்லோருக்கும் சுலபம். இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் கே-சீரிஸ் இன்ஜின் 1980களின் இறுதியில் வந்தது. ஹெட்டிலிருந்து அடிவரை ஊடுருவிப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகள், மிகக் குறைந்த எடை, குறைந்த அளவு கூலன்ட் என்று பொறியாளர்கள் பாராட்டிய வடிவமைப்பு. அதே இன்ஜினின் 1.8 லிட்டர் வகை ஹெட் கேஸ்கட் பிரச்சினைக்குப் பேர்போனது. கூலன்ட் குறைவாக இருந்ததால் கொஞ்சம் கசிந்தாலும் சூடு எகிறியது. தெர்மோஸ்டாட் இருந்த இடம் சூடான இன்ஜினுக்குள் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென்று அனுப்பியது. பின்னாளில் எஃகு அடுக்குக் கேஸ்கட்டும் வேறு வகைத் தெர்மோஸ்டாட்டும் வந்தன. அந்தக் கார்களை ஒழுங்காகப் பராமரித்தவர்களும் செலவழித்தார்கள்.

“உங்க தப்பு இல்லீங்கய்யா. ஃபேன் டைரக்ட் குடுத்தது உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க.”

“ஆமாங்க, நான் வாங்கறப்பவே அப்படித்தான் சுத்துச்சு. அதுதான் சரின்னு நெனச்சனுங்க.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “கழட்டிப் பாத்துருங்க. நல்லாகும்னா செலவைப் பாதிப் பாதியா வெச்சுக்கலாம். ஹெட்டு போயிருந்துச்சுன்னா வாத்தியாருக்கு இந்த வண்டி வேண்டாமுங்க.”

*

ஹெட்டைத் தூக்கிய அன்று நான் போயிருந்தேன்.

நான்கு பிஸ்டன்களில் மூன்றின் தலையில் கரி கறுப்பாகப் படிந்திருந்தது. மூன்றாவது மட்டும் பளிச்சென்று வெறும் அலுமினியமாக மின்னியது. இரவு தங்கிய அழுத்தத்தில் அந்தச் சிலிண்டருக்குள் கசிந்த தண்ணீர், மறுநாள் காலை வெடிப்பில் ஆவியாகி ஆவியாகிக் கரியைத் தினமும் கழுவியிருக்கிறது. காலையில் இன்ஜின் தடுமாறிய நொடிகளுக்கும் அதுதான் காரணம்.

கேஸ்கட்டில் மூன்றாவது வளையத்தின் ஓரம் கருகியிருந்தது. அங்கிருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டை வரை இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்பாக ஒரு தடம். தகட்டின் மேல் பூச்சு அந்த வழி முழுக்க உதிர்ந்திருந்தது. ஹெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதே ஓட்டையின் விளிம்பில் அலுமினியம் குழிகுழியாக அரித்து, நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடியாக வந்தது. அண்ணன் இரும்பு மட்டக்கோலைக் குறுக்கே வைத்து அடியில் ஃபீலர் கேஜைச் செருகினார். 0.05 மில்லிமீட்டர் இலை போனால் போகட்டும். அதுவரை பல ஹெட்டுகளில் ஏற்பார்கள். 0.10 இலையும் தடையில்லாமல் போனது. எப்போதோ சூடான அன்று வளைந்த ஹெட்.

கோயம்புத்தூரில் லேத்துக்கு அனுப்பினார். அங்கே தண்ணீர் வழிகளை அடைத்து, காற்று ஏற்றி, சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார்கள். கிராக் இல்லை. பிறகு பேஸிங், அதாவது வளைந்த முகத்தைச் சீவி மட்டமாக்குவது. இதிலும் எல்லை உண்டு. அதிகம் சீவினால் கம்ப்ரஷன் கூடும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் குறையும். எஃகு அடுக்குக் கேஸ்கட்டுக்கு முகம் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். எமரி பேப்பரைக் கையில் பிடித்துத் தேய்க்கும் பழைய வழக்கம் அதற்குப் போதாது.

பூட்டும்போது அண்ணன் பேச்சுக் கொடுக்கவில்லை. போல்ட் ஓட்டைகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் காற்றடித்து வெளியேற்றினார். தேங்கியதன் மேல் போல்ட்டை முறுக்கினால் அந்த அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம். புது போல்ட்டுகள். நடுவில் தொடங்கி மாறி மாறி இரு ஓரங்களுக்கும் போகும் வரிசையில், முதலில் டார்க் ரெஞ்சால் ஒரு சுற்று, பிறகு கூடுதலாக ஒரு சுற்று, கடைசியில் கோணம் பார்த்துத் திருப்பல். புதுத் தெர்மோஸ்டாட். ஃபேன் பழையபடி சென்சாரோடு. டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கூலன்ட். ஊற்றும்போது தரையில் சிந்தியதை உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசினார். தித்திப்பாக இருப்பதால் ஷெட்டில் படுத்திருக்கும் நாய்கள் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.

பெரியவர் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, இனி மார்க்கெட்டுக்கு என்ன வண்டி என்று தன் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நாளைக்கே மலை ஏறலாமுங்களாணா?”

“ஒரு வாரம் கீழயே ஓட்டுங்க சார். தினமும் காலைல எடுக்கறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து அளவைப் பாருங்க, சத்தம் வருதான்னும் கேளுங்க. ஆயிரம் கிலோமீட்டர்ல ஆயிலை மாத்திருவோம். அளவு அப்படியே நின்னுச்சுன்னா என்னையும் கூட்டிக்கிட்டுத் திம்பம் ஏறுங்க. ஆசனூர்ல நிறுத்தி, ஆறவிட்டு, அந்த நீலத் தண்ணியை வெச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம்.”